முழுக்க முழுக்க கேமரன் சரக்கு

"நவமணி, அந்த டீயை எந்தத் தூள்ல போட்ட?"

தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி குகனேஸ்வரன், கேன்டீன் வாசலில் நின்று பக்கத்துச் சுவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏன் கிராணி, வெள்ளக்காரர் துப்பிட்டாரா?"

"துப்பியிருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்லா. மூணு கிளாஸ் குடிச்சிட்டாரு. இதே தூளுதான் வேணுங்கிறாரு."

நவமணி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். மேலே சிவப்பு யானை. கீழே ஏதோ ஒரு நாட்டு எழுத்து.

"கடைத் தூளா? தேயிலைத் தோட்டத்துல உக்காந்துகிட்டு, கப்பல்ல வந்த தூளா?"

"நம்ம தூளு பார்க்க அழகாத்தான் இருக்கு. பால் ஊத்தினா பால் மட்டும்தான் தெரியுது. நீங்களும் தினம் இதைத்தான் குடிச்சிட்டு, 'என்னா இருந்தாலும் நம்ம தோட்டத்து டீ'ன்னு சொல்லிட்டுப் போறீங்க."

குகனேஸ்வரனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கேன்டீனில் நாற்காலி காலியில்லை.

விஷயம் இதுதான். வெளிநாட்டுத் தூள் மலிவாக வந்து குவிந்ததில் தொழிற்சாலைக்கு ஏகப்பட்ட நஷ்டம். மாதக் கடைசியில் மூடிவிட்டு, தொழிலாளர் லைன் வீடுகளை இடித்து ரிசார்ட் கட்டுவதாக முதலாளிகள் முடிவெடுத்திருந்தார்கள். இடிபடும் வரிசையில் முதல் வீடு குகனேஸ்வரனுடையது. அந்த நேரம் பார்த்து, எங்கோ இரண்டு அரசாங்கங்கள் வரிச் சண்டை போட்டுக்கொண்டன. அதன் பலனாகப் போலந்து வியாபாரி ஒருவர் மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்து, பிரிஞ்சாங் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கினார். அவர் வழக்கமாக வாங்கும் வேறு நாட்டுத் தூளுக்கு அவர் ஊரில் வரி ஏறிவிட்டது. மலேசியத் தூளுக்கு ஏறவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: சரக்கு இந்த மலையில் விளைந்ததாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர் குடித்ததோ நவமணியின் டீ. குகனேஸ்வரன் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லத்தான் போனார்.

"துரை, அந்தத் தூளு வந்து…"

மேனேஜர் தர்மா ஆஸ்திரேலியாவில் படித்தவர். கையை உயர்த்தினார். "மிஸ்டர் குகன், ரகசியம்னா என்கிட்டயே சொல்லாதீங்க. தொழில் ரகசியம் ஒருத்தர்கிட்டதான் இருக்கணும்."

ரகசியம் குகனேஸ்வரனிடமே தங்கிவிட்டது.

தோட்டத்தின் முதல் தரத் தூளைக் கெட்டியாக வடித்து ஹோட்டலுக்கு அனுப்பிப் பார்த்தார். போலந்துக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, நான் சுடுதண்ணீர் கேட்கவில்லையே என்றாராம். இரண்டு மடங்கு தூள் போட்டு அனுப்பினார். அதை அவர் ஜன்னலோரப் பூச்சட்டிக்குக் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் யானைப் பாக்கெட்டைப் பிரித்து, தோட்டத்துப் பையில் கொட்டி அனுப்பினார்.

அன்று மாலையே பத்து மூட்டைக்கு ஆர்டர் வந்தது.

குகனேஸ்வரன் காடியை ஓட்டிக்கொண்டு போய், கோலா தெர்லா கடைகளில் இருந்த யானைப் பாக்கெட்டுகளை எல்லாம் வாங்கினார். போதவில்லை. திரிங்காப்பில் வாங்கினார். கியா பார்மில், ஸ்ட்ராபெரி விற்கும் சரோஜா வீட்டுக்கு வைத்திருந்த ஒன்றையும் கெஞ்சி வாங்கினார்.

"என்னா கிராணி, சொந்தத் தோட்டத்துல இலை முளைக்கலையா?"

"விருந்தாளிங்க வர்றாங்கம்மா."

"எத்தன பேரு, சீனா மொத்தமுமா?"

மூன்றே நாளில், தேயிலை விளையும் மலையில் தேயிலைத் தட்டுப்பாடு வந்தது. கடைகளில் விலை ஏறியது. கேன்டீனில் நவமணி எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். வங்காளதேசத்துத் தொழிலாளிகள் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ வந்தால்தான் கொழுந்து பறிப்போம் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தர்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மிஸ்டர் குகன்! கடையெல்லாம் காலி. மார்க்கெட் சூடு பிடிச்சிருக்கு. போலந்துக்காரர்கிட்டச் சொல்லி ஐம்பது மூட்டையா ஏத்திட்டேன்!"

"ஐம்பதா?"

"ரிசார்ட் திட்டத்தையும் நிறுத்தி வெக்கச் சொல்லிட்டேன். எல்லாம் உங்க கையிலதான்."

அந்தக் கையைக் குகனேஸ்வரன் குனிந்து பார்த்தார். அதில் காடிச் சாவி மட்டும்தான் இருந்தது.

கடைகளில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில், கடைகளுக்குச் சரக்குப் போடும் லோரிக்காரன் ராதாகிருஷ்ணனுக்கே போன் போட்டார். "தம்பி, யானைப் பாக்கெட் எவ்வளவு இருந்தாலும் நேரா பேக்டரிக்குக் கொண்டாந்துரு. பின்வாசல் வழியா."

மறுநாள் காலை பனி விலகும்முன் லோரி வந்து பின்வாசலில் நின்றது. குகனேஸ்வரன் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஏற்றுமதிச் சான்றிதழ். 'இச்சரக்கு முழுவதும் இம்மலையில் விளைந்தது' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என்றைக்கு மாட்டினாலும் ஜெயில். போடாவிட்டால் வீடு போகும். லைனில் எல்லோருடைய வீடும் போகும். ஜெயிலை யாரும் இடிக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார்.

"முகமே சரியில்லையே கிராணி, காய்ச்சலா?" ராதாகிருஷ்ணன் கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தான்.

"பொய் சொல்லிப் பழக்கமில்ல தம்பி. அதான்."

அவன் சுவரோரம் இருந்த சாக்குகளைத் தட்டிப் பார்த்தான். சல்லடையில் தேறாத கழிவுத் தூள் அது. தொழிற்சாலை அதைக் கிடைத்த விலைக்கு ஏதோ ஒரு ஏஜெண்டிடம் தள்ளிவிடும். அப்புறம் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"சரி கிராணி, இந்தக் குப்பைத் தூளை ஏத்தச் சொல்லுங்க, கப்பலுக்கு நேரமாச்சு. இது இங்கருந்து போனாத்தானே அங்க யானை படம் போட்டு அடுத்த மாசம் திருப்பி அனுப்புவாங்க!"