தம்பி தாலிக்கு நான் போட்ட காவல்

சமர்த்து என்று பேர் வாங்கிய பெண்பிள்ளையிடம் மட்டும் எதையும் பத்திரமாக வைக்கச் சொல்லாதீர்கள். சமர்த்து இல்லாதவள் பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். தேடினால் கிடைக்கும். சமர்த்துக்காரி யோசிப்பாள். யோசித்து யோசித்து, திருடன் கண்ணுக்கும் தெரியாத, சாமி கண்ணுக்கும் தெரியாத ஒரு இடத்தில் வைப்பாள். கடைசியில் அது அவள் கைக்கே கிடைக்காது. எண்பதுகளில் கண்டாச்சிபுரம் பக்கம் அப்படி ஒரு சமர்த்துக்காரி இருந்தாள். நான்தான் அது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எழுத்தும் என்னிடம் வரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் ஒரு காரியத்தை முன்கூட்டி யோசித்துச் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் ஊரே சொல்லும். (ஊர் ஒரு தடவை சொன்னது. மற்ற தடவை எல்லாம் நானே சொல்லிக்கொண்டது.) அந்த ஒரு தடவை என்னவென்றால், கூரை வேயும்போது சமையல்கட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஆள் நடக்கிற அகலத்துக்கு இடம் விடச் சொல்லி நான் அடம்பிடித்தேன். "இடத்த வீணாக்கறா" என்று எல்லாரும் திட்டினார்கள். அடுத்த கோடையில் சமையல்கட்டு தீப்பிடித்து எரிந்தபோது கொட்டகைக்கு ஒரு பொறிகூடப் போகவில்லை. மாடுகள் பிழைத்தன. அன்றைக்கு என் தலைக்கு ஏறியது, இறங்கவே இல்லை.

என் தம்பி ஏழுமலைக்குத் திண்டிவனத்தில் பெண் அமைந்தது. எங்கள் அம்மா அவன் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். வளர்த்ததும் நான், பெண் பார்த்ததும் நான், நாத்தனாராக நின்று மூன்றாவது முடிச்சுப் போடப் போவதும் நான். பெண் வீட்டார் டவுன்காரர்கள். எங்களைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் எனக்குச் சதா நினைப்பு. பெண்ணின் தாய்மாமன் வேறு, நிச்சயதார்த்தத்தன்றே என் கழுத்தையும் காதையும் எடை போடுகிற மாதிரி பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

கல்யாணம் திண்டிவனத்தில் ஒரு சத்திரத்தில். தாலி கொண்டுபோக வேண்டியது நாங்கள். "வேன் பேசிடலாம் அக்கா, எல்லாரும் ஒண்ணா போயிடலாம்" என்றான் தம்பி.

"ஒண்ணா போயி, வேன் கவுந்துதுன்னா? மொத்தக் குடும்பமும் ஒரே குழியிலயா? செலவும் தண்டம்" என்றேன்.

ஆகவே சொந்தக்காரர்களை மூன்றாகப் பிரித்து மூன்று பஸ்ஸில் அனுப்பினேன். எது கவிழ்ந்தாலும் மிச்சம் பேர் கல்யாணத்தை நடத்தலாம் என்பது என் ஏற்பாடு. (மாப்பிள்ளை இருந்த பஸ் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஏனோ நான் யோசிக்கவில்லை.)

அடுத்தது தாலி. எல்லா பஸ்ஸும் விழுப்புரத்தில் மாற வேண்டும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் காலத்தில் கழுத்துச் சங்கிலியைக் கழுத்துக்கே தெரியாமல் கழற்றுவார்கள் என்று பேச்சு. ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் இரண்டு ஏற்பாடு செய்தேன்.

முதலாவது, திருடனுக்கு. எங்கள் கன்றுக்குட்டி கழுத்தில் கிடந்த ஒரு மணியை எடுத்து, சத்தம் வராமல் பஞ்சு அடைத்து, மஞ்சள் துணியில் சுற்றித் தைத்து எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "தாலி இதுலதான் இருக்குது. இடுப்புல முடிஞ்சுக்கோங்க. மணவறை வரைக்கும் பிரிக்கக் கூடாது, தோஷம்" என்றேன். மனிதர் நம்பினார். அவருக்கு உண்மை தெரிந்தால் முகத்தில் காட்டிவிடுவார், சிரித்துவிடுவார். அதனால்தான் சொல்லவில்லை. திருடினால் திருடன் மணியை எடுத்துக்கொண்டு போகட்டும்.

இரண்டாவது, நிஜத் தாலி. எங்கள் வீட்டுப் புளியை நானே கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இடித்து, உருண்டை பிடித்துப் பானையில் வைத்திருந்தேன். பொட்டுத் தாலி, புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதை ஒரு உருண்டைக்கு நடுவில் வைத்து அமுக்கி, அடையாளத்துக்கு வேப்பங்குச்சி ஒன்றைச் செருகினேன். அதோடு இன்னும் சில உருண்டைகளையும், மேலே கொஞ்சம் மல்லாட்டையையும் (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போட்டு ஒரு பையில் கட்டினேன். உலகத்தில் எந்தத் திருடனாவது புளியைத் திருடுவானா? முகூர்த்தத்துக்கு முன்னால் தாலியை எடுத்துப் பாலில் கழுவி, துணி முடிப்பில் மாற்றி வைத்துவிட வேண்டியது. அப்புறம் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையை நாலு பேர் கேட்க நானே சொல்லிப் பெருமைப்பட வேண்டியது. அதுவரைக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் போன வழியைப் பிற்பாடு கேள்விப்பட்டேன். விழுப்புரத்தில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். யாரோ ஒரு அம்மா, "வயித்து வலியா அண்ணே?" என்று இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்தாளாம். வாங்கக் கையை எடுக்கவில்லை, வாயைத் திறந்து காட்டினாராம். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர், வாந்தி எடுப்பார் என்று பயந்து ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாராம். மனிதர் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

நான் மூன்றாவது பஸ்ஸில் புளியை மடியில் வைத்துக்கொண்டு, விழுப்புரத்தில் நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டு, ராணி மாதிரி வந்து இறங்கினேன்.

அதோடு நின்றிருக்கலாம். சாயங்காலம் சம்பந்தியம்மா சமையல் கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். அங்கே வைத்திருந்த கடைப் புளி கறுப்பாக, நாரும் கொட்டையுமாகக் கிடந்தது. என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இன்னாங்க சம்பந்தி, இதுவா கல்யாணப் புளி? எங்க மரத்துப் புளிய பாருங்க" என்று பையில் இருந்து குச்சி இல்லாத உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினேன். "ஒரு கொட்டை இருக்காது. ஒரு நார் இருக்காது."

அவள் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "தேனாட்டம் இருக்குதுங்க" என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விடியற்காலையில் குளித்து, பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு பையைத் திறந்தேன். மல்லாட்டை இருந்தது. புளி இல்லை.

சம்பந்தியம்மா அந்தப் பக்கம் போனாள். "நீங்க ஆசையா கொண்டாந்தீங்க இல்ல? நீங்க தூங்கறப்பவே பையில இருந்து எடுத்துக் குடுத்து, உங்க மரத்துப் புளியிலதான் சாம்பார் வெக்கணும்னு சொல்லிட்டேன். உங்களுக்கு மரியாதையா இருக்கணும்ல" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

சமையல் கூடத்துக்கு ஓடினேன். அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, புளியில... கொட்டை கிட்டை ஏதாச்சும் இருந்துதா?"

சமையல்காரர் கரண்டியை நிறுத்தினார். "இன்னாம்மா இது? ஒரு கொட்டை இருக்காதுன்னு நேத்து ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னது நீதான?"

"ஒரு வாட்டி கரண்டிய குடுங்களேன், துழாவிப் பார்க்கறேன்."

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத. பட்டுப்பொடவைய கட்டிக்கினு அடுப்பாண்ட வராத, போ அந்தாண்ட!"

மேளம் மாறுகிற சத்தம் கேட்டது. மணவறைக்குப் போனால், எங்கள் வீட்டுக்காரர் தாம்பாளத்தின் முன்னால் நின்று இடுப்பில் இருந்து துணி முடிப்பை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு களை. ஊரைக் காத்த வீரன் மாதிரி. நான் கையைக் காலை ஆட்டி ஜாடை காட்டினேன். நான் அவசரப்படுத்துவதாக நினைத்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

தாம்பாளத்தில் அட்சதை மேல் மாட்டு மணி விழுந்தது. ஒரு சத்தம்கூட வரவில்லை. பஞ்சைத்தான் நான் நன்றாக அடைத்திருந்தேனே.

"இன்னாய்யா இது?" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

எங்கள் வீட்டுக்காரர் மணியைப் பார்த்தார், துணியை உதறிப் பார்த்தார், வேட்டியைத் தடவிப் பார்த்தார். "நான் கைய எடுக்கவே இல்லீங்களே..." என்றார். "வூட்டுல இருந்து கைய எடுக்கவே இல்லீங்க."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வந்த வாயும் வேறு எதையோ சொன்னது. "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல எவனோ மாத்திட்டான் போல இருக்குது" என்றேன்.

தாய்மாமன் விட்டாரா? "மாத்தினானா, இல்ல தாலியே வாங்கலையா? ஒரு தாலியக் கொண்டாந்து சேர்க்கத் துப்பில்ல, இவரு ஒரு ஆம்பள! இந்த வூட்டுலயா எங்க பொண்ணு வந்து பொழைக்கணும்? எழுந்திரி மல்லிகா!"

தம்பி மணையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மணியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார். கல்யாணமான நாளாக என் பேச்சுக்கு மறுபேச்சு சொல்லாத மனிதன், என் பொய்யைச் சுமந்துகொண்டு நூறு பேர் நடுவில் நின்றார். இத்தனை வருஷம் ஆகியும் மற்றதை எல்லாம் சிரித்துச் சொல்லிவிடுகிறேன். இந்த இடம் வந்தால் மட்டும் சிரிப்பு வருவதில்லை.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். "திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வெறும் மணி, நான்தான் வெச்சித் தெச்சேன். தாலி... தாலி சாம்பாருல இருக்குது."

மேளக்காரர் மேளத்தை நிறுத்திவிட்டார்.

"எதுல?"

"புளியில வெச்சேன். புளி சாம்பாருக்குப் போயிடுச்சி."

தாய்மாமனுக்கே கோபம் மறந்துபோய் வாய் திறந்தபடி நின்றது. பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், "இன்னா சொல்லுது அந்தம்மா, தாலிய கொழம்பு வெச்சிட்டாங்களா?" என்று கேட்டது சத்திரம் முழுக்கக் கேட்டது. எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாதே என்று பயந்தவள், அவர்கள் கனவிலும் நினைக்காததை எல்லாம் செய்து காட்டிவிட்டேன்.

"நாழியாறது, நல்ல நேரம் முடியப்போறது" என்றார் ஐயர்.

அப்போதுதான் மணப்பெண் மல்லிகா தலையை நிமிர்த்தினாள். "மஞ்சக் கெழங்கு இருக்குதுல்ல? அதைக் கயித்துல கட்டுங்க, போதும்" என்றாள். பிறகு தாய்மாமனிடம், "உக்காருங்க மாமா. தாலி வாங்கிக்கினுதான் வந்திருக்காங்க. வெந்துக்கினு இருக்குது" என்றாள்.

மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்தார்கள். தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சுக்கு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மல்லிகா குனிந்த தலையோடு, "அண்ணி எங்க? அண்ணி வந்தாத்தான் முடிச்சு" என்றாள். போனேன். கயிறு வழுக்கி முடிச்சு விழவில்லை. "ஜல்தி போடுங்க அண்ணி, கழுத்து வலிக்குது" என்று அவள் மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

பந்தியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தாய்மாமனே மைக்கைப் பிடித்து, "சாம்பார் ஊத்திக்கறவங்க மென்னு முழுங்குங்க! அவசரப்பட வேணாம்!" என்று அறிவித்தார். வாத்தியார், மணியக்காரர், மிராசுதார் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் இலையில் சாம்பாரை விரலால் தள்ளித் தள்ளிப் பருப்பைப் பிதுக்கிப் பார்த்தார்கள். அவ்வளவு பொறுமையாகச் சாப்பிட்ட பந்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் இலைக்கு யாரும் சாம்பார் ஊற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

தாலி சாம்பாரிலேயே இல்லை. புளியைக் கரைத்துப் பிழிந்த சக்கையைப் பாத்திரம் தேய்க்கிற அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். அவள் கொல்லையில் உட்கார்ந்து பித்தளை அண்டாவைத் தேய்த்தவள், "யாரோ கொட்டை எடுத்த புளின்னாங்க, கைய கிழிக்குதே" என்று முனகிக்கொண்டே சக்கையைப் பிரித்தாளாம். புளியில் ஊறி, அண்டாவில் தேய்ந்து, தாலி கடையில் வாங்கினதைவிடப் பளபளவென்று இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது எங்கள் வீட்டுக்காரர்தான் பேசினார். "அலமேலு, அடுத்த வாட்டி எங்கிட்டயும் சொல்லிடு. நான் சிரிக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அவர் போய்ச் சேரும் வரைக்கும் அதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மற்றவர்கள் சொல்லாமல் விட்டதில்லை. எங்கள் வீட்டில் யார் நகை வாங்கினாலும், "அத்தைகிட்டக் குடுக்காத, கொழம்பு வெச்சிடுவாங்க" என்பார்கள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் அதைக் கேட்டே வளர்ந்தன.

போன தை மாதம் மல்லிகாவின் மகனுக்குக் கல்யாணம். அதே திண்டிவனம், வேறு மண்டபம். தாலித் தட்டை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டேன். மல்லிகா நேராக வந்து தட்டை என் மடியில் வைத்தாள்.

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டதான். ஆனா இங்கயே, மேடையில, நாற்காலி போட்டு உக்காருங்க அண்ணி. ஒளிக்க வேணாம், மறைக்க வேணாம். எல்லாரும் பார்த்துக்கினு இருப்பாங்க."

பெருமையாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வயசான உடம்பு, காலையில் இரண்டு காப்பி வேறு குடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, "மல்லிகா, ஒரு நிமிஷம் இதைப் பிடி, கொல்லைக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன்.

அவள் குனிந்து என் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "வேணாம் அண்ணி, அடக்கிக்கோங்க" என்றாள்.

அடக்கிக்கொண்டேன்.