மெல்வின் வீட்டு ஆடு

அறுபத்திரண்டாவது பிறந்தநாள் கேக்கின் மெழுகுவர்த்திகளை மூன்றாவது மூச்சில் ஒருவழியாக அணைத்துவிட்டு, லெனர்ட் விஷ்னெவ்ஸ்கி மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தார். சாவதற்குள் ஒரு ஆடு வாங்கிவிட வேண்டும்.

புல் மேய்கிற ஆடு இல்லை. போன்டியாக் ஜி.டி.ஓ. என்று ஒரு கார் உண்டு. அதற்கு மிச்சிகன்காரர்கள் வைத்த செல்லப்பெயர்தான் ஆடு. நீளமான மூக்கு, அந்த மூக்குக்குள் ஒரு சின்னக் கப்பலையே இழுக்கக்கூடிய எஞ்சின். இரண்டே கதவு. பின்சீட்டில் உட்காருகிறவர் முழங்காலைக் காதோரம் வைத்துக்கொள்ள வேண்டும். வேகமாகப் போவதைத் தவிர வேறு எதற்கும் உதவாத வண்டி. உதவாத பொருளின் மேல் வைத்த ஆசைக்குத்தான் ஆயுள் அதிகம்.

லெனர்டுக்கு அந்த ஆசை வந்தபோது வயது பதினேழு. டெட்ராய்ட்டுக்கு வடக்கே போகிற வுட்வர்ட் அவென்யூவில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊரிலுள்ள விடலைகள் எல்லாம் அந்தச் சாலையில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரைக்கும் பந்தயம் விடுவார்கள். பந்தயத்துக்கு அவர்கள், பெட்ரோலுக்கு லெனர்ட். ஒருநாள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆடு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கண்ணாடியையும் துடைச்சிடு, தம்பி" என்றான். லெனர்ட் துடைத்தார். அந்த நேரத்தில் இன்னொருவன் ஓடி வந்து, "அண்ணே, இது உங்க வண்டியா?" என்று கேட்டான். "ஆமா" என்றான் ஓட்டி வந்தவன். அவ்வளவுதான். ஒரு ராஜா கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு ஆமா.

அந்த ஆமாவை லெனர்ட் நாற்பத்தைந்து வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தார். முகம் மழிக்கிற கண்ணாடி முன்னால் பழகினார். மீன்பிடிப் படகில் தனியாக இருக்கும்போது பழகினார். பழகியதெல்லாம் ஆமா, வாங்கியதெல்லாம் வேன். மூன்று பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சீட்டெல்லாம் பால் நாற்றம் அடிக்கிற வேன். யாருமே பக்கத்தில் வந்து, இது உங்க வேனா என்று கேட்டதில்லை.

பிறந்தநாளுக்கு மறுநாள் மனைவி பெர்னடெட்டிடம் பேச்சைப் போட்டுப் பார்த்தார். பெர்னடெட் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தை இருபத்தாறு வருஷம் கட்டி ஆண்டவள். நானூறு பிள்ளைகளில் எவன் இரண்டாவது பால் டப்பாவை எடுத்தான் என்று முதுகைப் பார்த்தே சொல்லுவாள்.

"எங்க நிறுத்துவ? ஷெட்ல என் ஃப்ரீசர் இருக்கு."

"ஃப்ரீசரை நகர்த்தலாம்."

"நகர்த்தலாம். அப்புறம் நீயும் கூடவே நகர்ந்துக்கோ. அது கார் இல்ல லென், வியாதி. நீ வாங்கறதா இருந்தா வேண்டாம்."

பேச்சு முடிந்தது. நேர்வழி அடைத்துவிட்டது என்றால் சந்து வழி இருக்கத்தானே செய்கிறது.

லெனர்ட் மீன்பிடிப் படகை விற்றார். முதுகுவலி, இனிமேல் படகு தள்ள முடியாது என்று வீட்டில் சொன்னார். பெர்னடெட் முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். படகு போன கையோடு, வடக்கே ஒரு விவசாயியின் களஞ்சியத்தில் கோழி எச்சத்துக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆடு ஒன்று கைக்கு வந்தது. கழுவிப் பார்த்தால் ஆரஞ்சு நிறம். லெனர்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டியை இரண்டு வீடு தள்ளி மெல்வினின் ஷெட்டில் விட்டார். மெல்வின் சின்ன வயசுச் சிநேகிதர், மனைவி போனபிறகு டப்பா சூப்பை டப்பாவிலேயே சுடவைத்துக் குடிக்கிறவர். ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பதிவுப் பத்திரம் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் வரும், தபாலைப் பிரிப்பது பெர்னடெட். அதற்கும் லெனர்ட் வழி கண்டுபிடித்தார். பத்திரத்தையே மெல்வின் பேரில் எழுதிவிட்டார். தன்னுடைய மூளையை நினைத்து அன்றைக்கு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாங்கியது அக்டோபர் கடைசி. மிச்சிகனில் பனி விழுந்தால் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புப் பட்டால் பழைய வண்டியின் தகரம் அப்பளமாகிவிடும். அதனால் இந்த ஜாதி வண்டிகளுக்கெல்லாம் ஏப்ரல் வரைக்கும் போர்வை போர்த்தித் தூக்கம். நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்தவர் ஒரு குளிர்காலம் காத்திருக்க மாட்டாரா? சனிக்கிழமை தோறும் போய், போர்வையை விலக்கி, இருபது நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, முழங்கையை ஜன்னலில் போட்டு உட்கார்ந்திருப்பார். மெல்வின் வந்து, "சார், இது உங்க வண்டியா?" என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் இரண்டு வாரம் மெல்வினும் கேட்டார். மூன்றாவது வாரம், குளிருது, நீயே கேட்டுக்கோடா என்று உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை தோறும் எங்கே போகிறாய் என்று பெர்னடெட் கேட்டபோது, மெல்வின் வீட்டு பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஊறுகிறது, சரிபண்ணிக் கொடுக்கிறேன் என்றார். சொன்ன பொய் நல்ல பொய்தான். ஆனால் பொய்க்கும் தீனி போட வேண்டியிருக்கிறதே. எந்த மூலையில் ஊறுகிறது? தரைக்கு ஓடு போடப் போகிறீர்களா? என்ன நிறம்? பெர்னடெட் வாரம் ஒரு கேள்வி கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்து பார்க்கிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

வேறு வழியில்லை. இரண்டு கிழவர்களும் கடைக்குப் போய் ஓடு வாங்கி வந்தார்கள். நன்றாக இருந்த தரையைக் கொத்தினார்கள். லெனர்ட் நாலு சனிக்கிழமை மண்டியிட்டு ஓடு பதித்தார், சுவருக்கு இரண்டு பூச்சு வர்ணம் அடித்தார். வண்டியில் உட்காரக் கிடைத்தது கடைசிப் பத்து நிமிஷம். அதிலும் பாதி நேரம் முழங்காலைத் தடவுவதிலேயே போனது. உண்மையாகவே முதுகு பிடித்துக்கொண்டது. பெர்னடெட் பழைய தைலத்தையே தேய்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தாள். கையில் ஒரு பெரிய தட்டு, முட்டைகோஸ் இலைக்குள் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைத்த கொலும்ப்கி. படியிறங்கித் தரையைப் பார்த்தாள். நேர்த்தியாக இருக்கிறது என்று புருஷனைப் பாராட்டினாள். ஷெட் பக்கம் திரும்பக்கூட இல்லை. மெல்வின் ஒன்பது கொலும்ப்கி சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வாரா வாரம் பெர்னடெட் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். பாவம் தனி ஆள் என்றாள். லெனர்டுக்கு மனைவியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

மற்றபடி ரகசியம் பத்திரமாக இருந்தது. போனில் பேசும்போதுகூட லெனர்ட் கார் என்ற வார்த்தையை வாயிலேயே எடுப்பதில்லை. பெர்னடெட் பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள், இவர் தணிந்த குரலில், "ஆடு எப்படிடா இருக்கு? போர்த்தி வெச்சிருக்கியா?" என்று கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. லெனர்ட் பூசணிக்காயை வெளியே வைத்துவிட்டுச் சோற்றை மறைத்தார்.

ஏப்ரல் வந்தது. மழை பெய்து சாலையிலிருந்த உப்பையெல்லாம் கழுவிவிட்டது. வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதற்கும் லெனர்ட் ஒரு திட்டம் வைத்திருந்தார். போட்ட ஓடு வீண் போகக்கூடாதல்லவா? பேஸ்மென்ட் சரிபண்ணிக் கொடுத்ததற்கு நன்றியாக மெல்வின் தன் பழைய காரைப் பரிசாகக் கொடுக்கிறான், வேண்டாமென்றால் அவன் மனசு புண்படும். இதுதான் கதை. பத்திரம் மெல்வின் பேரில் இருப்பதும் கதைக்குப் பொருத்தம். பொய்கள் எல்லாம் கைகோர்த்துக்கொண்டு வருவதைப் பார்த்து, தான் அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவர் என்று லெனர்ட் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பெர்னடெட்டை மெல்வின் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போர்வைக்குள் வண்டி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மெல்வின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லெனர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். நட்பு, நன்றி, ஒரு தனி மனுஷனின் மனசு எல்லாவற்றையும் தொட்டு, அழகாகவே பேசினார். பெர்னடெட் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். பேச்சு முடிந்ததும் லெனர்ட் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

புது நம்பர் பிளேட். மிச்சிகனில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டினால் எண்ணுக்குப் பதிலாக நமக்குப் பிடித்த பேரைப் போட்டுக்கொள்ளலாம். இதில் 'பெர்னி' என்று போட்டிருந்தது.

லெனர்ட் பிளேட்டைப் பார்த்தார். மெல்வினைப் பார்த்தார். மெல்வின் விட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்துதான் மாட்டினேன்" என்றாள் பெர்னடெட். "வண்டி ஜனவரியிலேயே என் பேருக்கு வந்தாச்சு. இவன்தான் ஒரு டாலருக்கு வித்தான். பத்திரத்துல பேர் இருக்கறவன்தானே விக்க முடியும்?"

"மெல்வின்!"

"ஒன்பது சாப்பிட்டிருந்தேன்டா" என்றார் மெல்வின். "நீ கீழே இருந்தப்போ, பத்தாவதைக் கையில வெச்சுக்கிட்டு, பத்திரம் யார் பேர்லன்னு கேட்டா. நான் என்ன பண்ண?"

லெனர்ட் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

"ஆடு எப்படிடா இருக்குன்னு போன்ல கேட்டியே. மிச்சிகன்ல பொறந்து வளந்தவளுக்கு ஆடுன்னா என்னன்னு தெரியாதா? எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு இருந்துது. வாரா வாரம் கழுவறது நான். ஒரு தடவைகூட ஸ்டீயரிங்கைத் தொட விடலை. பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னான். எனக்கும் பதினேழு வயசு இருந்துது, லென். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கியா?"

லெனர்ட் கேட்டதில்லை. தன் ஆசைக்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தவர், பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு ஆசை என்று ஒன்று இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அது அவருக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

"அப்போ வேண்டாம்னு சொன்னியே" என்றார் மெதுவாக.

"நீ வாங்கறதா இருந்தா வேண்டாம்னேன். சரியாக் காது கொடுத்துக் கேட்டிருக்கணும்." கையை நீட்டினாள். "சாவி."

சாவியைக் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்ட விதத்தைப் பார்த்தால் அண்ணன் தூங்கின பிறகு அந்த வண்டி சும்மா நிற்கவில்லை என்று தெரிந்தது. வண்டி உறுமியது. அந்த உறுமலில் மெல்வின் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. "ஏறு" என்றாள். "அடுத்த சனிக்கிழமையிலேருந்து நம்ம பேஸ்மென்ட். மெல்வின் வீட்டுல போட்ட அதே ஓடு எனக்குப் பிடிச்சிருக்கு. அதை முடிச்சா ஞாயித்துக்கிழமை உனக்கு ஓட்டத் தரேன்."

வுட்வர்ட் அவென்யூ வெயிலில் காய்ந்து கிடந்தது. பெர்னடெட் இரண்டு சிக்னலுக்கு நடுவில் ஒரு சின்னப் பையனின் புத்தம்புதுக் காரை முந்தினாள். லெனர்ட் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நெஞ்சுக்குள் பதினேழு வயது துள்ளியது. இது போதும் என்றுகூட நினைத்தார். பிறகு பெட்ரோல் முள் கீழே இறங்கியது. ஆடு தீனி கேட்டது.

பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். இப்போதெல்லாம் பங்கில் ஆள் கிடையாது, அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். லெனர்ட் இறங்கி, குழாயை எடுத்துப் பின்னால் செருகிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஒரு வாலிபன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே கிட்டே வந்தான். அறுபத்தொன்பதா என்றான். அறுபத்தொன்பதுதான் என்றார். பையன் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

"சார், இது உங்க வண்டியா?"

நாற்பத்தைந்து வருஷத்து ஆமா. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. லெனர்ட் நிமிர்ந்து நின்று, திரும்பிப் பார்க்காமல் சொல்வதற்காக வாயைத் திறந்தார். அப்போது முன்பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு முழங்கை வெளியே வந்தது.

"கண்ணாடியையும் துடைச்சிடு, லென்."