தொண்ணூறு நாள் முடித்தவன் மச்சானுக்கு எழுதியது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நான் நலம். நாடித்துடிப்பு எழுபத்தாறு, தூக்கம் ஏழு மணி நேரம், நேற்று நடந்தது ஆறாயிரம் காலடி. இதையெல்லாம் நான் சொல்லவில்லை, என் போன் சொல்கிறது. நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் இதைவிட நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நான் தொண்டையைச் செருமுவதற்குள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். தொண்ணூறு நாள் குடிக்காமல் இருந்து காட்டினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உங்கள் தங்கை பெட்டியைத் தூக்கினாள். இன்று தொண்ணூறு முடிந்தது. எப்படி முடிந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவமனை வாசலில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று பயந்துதான் வீடியோ சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன். முதல் நாள் டாக்டர் பத்து நிமிடம் என் மின்விசிறியிடம் பேசினார். "ஐயா, உங்க முகம் எங்க?" என்று அவர் கேட்ட பிறகுதான் போனைத் திருப்பிப் பிடிக்கவேண்டும் என்பதே தெரிந்தது. அப்புறம் வாரம் ஒருமுறை, குடியை விட ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா, அதுவும் வீடியோவில்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலை நேரத்தில் தனியிடம் ஏது? மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து பேசினேன். அவர் வில்லங்கமான கேள்வி கேட்கும்போதெல்லாம் கீழே யாரோ பொத்தானை அமுக்க, மோட்டார் உறுமும். "கேக்கல மேடம்" என்று நானும் தப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அவர் சொன்னார்: "அடுத்த தடவை லிஃப்டை நிறுத்திட்டு உக்காருங்க. நீங்கதானே மெக்கானிக்?" நிறுத்தினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன். ஏழாவது மாடிக்காரர்கள் படியேறி வந்து திட்டினார்கள்.

நாற்பதாம் நாள் உங்கள் போனுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்ததே, அது அநியாயம் மச்சான். தினமும் காலையில் ஒரு சின்னக் கருவியில் ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இருந்தால், டாக்டர் என் போனில் ஏற்றச் சொன்ன ஆப் அவருக்கும் உங்களுக்கும் தகவல் அனுப்பிவிடும். அன்று வாய் கொப்பளிக்கிற மருந்தில் கொப்பளித்துவிட்டு ஊதினேன். அதில் அது கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினேன், பச்சை வந்தது. அதற்குள் நீங்கள் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, நீங்க திருந்தவே மாட்டீங்களா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். பச்சை வந்ததற்கு யாரும் கூப்பிடவில்லை.

அறுபதாம் நாள் நடந்தது இன்னும் மோசம். நான் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டிடத்து லிஃப்டில் ஒன்பது பேர், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என் சட்டைப் பையில் இருந்த போனிலிருந்து அந்த ஆப்பின் பெண் குரல்: "வாழ்த்துகள்! நீங்கள் மது அருந்தாத அறுபதாவது நாள்!" எல்லோரும் கதவையே முறைத்துப் பார்த்தார்கள். நான் கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். எல்லோரும் இறங்கிய பிறகு கணக்குப் பிரிவு அதிகாரி மட்டும் நின்றார். டை கட்டிய, யாரோடும் பேசாத மனிதர். "அந்த ஆப் பேரு என்னங்க?" என்று கேட்டார். "யாருக்கு சார்?" என்றேன். "எனக்குத்தான்" என்றார். அவர் போனில் நானே இறக்கிக் கொடுத்தேன். இப்போது அவருக்கு இருபத்தெட்டு நாள்.

இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்ட பிறகு எனக்கு எதற்கு இதெல்லாம்? இன்று காலை ஆப்பை நீக்கிவிட்டேன். இனி வர மாட்டேன் என்று கவுன்சிலர் அம்மாவுக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். நான் முழுக்கக் குணமாகிவிட்டேன் மச்சான், எழுதியே தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கையை வண்டி ஏற்றிவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் உங்களை விட்டுப் போகட்டும். என்மேல் உள்ள கோபமும் அதோடு போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். நிமிர்ந்து பார்த்தால் சாராயக் கடை வரிசையில் நிற்கிறேன், கையில் இந்தக் கடிதம். எப்படிப் போனேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஆப் இல்லை, அதனால் கவுன்சிலர் அம்மாவையே கூப்பிட்டேன். "வரிசையில எத்தனாவது ஆளு?" என்றார். "மூணாவது." "திரும்பி நடங்க. போனை வைக்காதீங்க. வழியில இருக்கிற கடைப் பலகை எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க." மூக்குக்கண்ணாடிக் கடை, சாவிக் கடை, சலவைக் கடை என்று தெரு முழுக்க உரக்கப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பார்த்தவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்றே நினைத்திருப்பார்கள். குடிக்கவில்லை மச்சான்.

ஆகவே குணமாகிவிட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கவுன்சிலர் அம்மாவோடு மறுபடி வீடியோவில் உட்காருகிறேன். வீட்டில் உள்ளவர்களும் சேரலாமாம். இணைப்பை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவளிடம் கொடுங்கள். முகம் காட்ட வேண்டாம், பேச வேண்டாம். திரையில் ஒரு மூலையில் அவள் பெயர் தெரிந்தால் போதும்.