தேயிலைபோல் உலர்த்திய படகு

கடலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுகிறவனுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்திருந்தால் என் இளமைக்காலச் சொற்பொழிவுகளுள் பாதி நிகழ்ந்திரா. மாத்தளை மாவட்டமும் ஓரளவு அமைதியாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் பிற்பகுதியில் நான் மாத்தளை நகரில் தமிழாசிரியனாக இருந்தேன். பிறந்தது யாழ்ப்பாணத்தில், கடற்காற்றும் எட்டாத உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில். (எங்கள் ஊரின் ஆழமான நீர்நிலை கிணறுதான், அதன் கட்டில் சாய்வதற்கே ஏச்சு விழும்.) ஆயினும் பண்டைத் தமிழரின் கடலோட்டமே எனக்குப் பிடித்த பேச்சுப்பொருள். ஓராண்டுத் தைப்பொங்கலன்று எல்கடுவ மலையிலுள்ள தோட்டமொன்றின் கோயிலில் அதைப் பற்றித்தான் முழங்கினேன். நாவாய், வங்கம், கலம், தோணி, மதலை என்று பெயர்களை அடுக்கியதில் முன்வரிசைக் குழந்தைகள் உறங்கிவிட்டன.

மேடையிலிருந்து இறங்கியபோது ஒருவர் கைகட்டி நின்றார். ஐம்பது வயதிருக்கும். திருநாளுக்கு வெள்ளை வேட்டி உடுத்திருந்தார். நகக்கண்களிலோ எண்ணெய்க்கறை போகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வீராசாமி.

"ஐயா, கப்பலப் பத்தி இம்புட்டு வெவரம் தெரிஞ்சவங்கள நான் பாத்ததில்லைங்க. நம்ம ஃபேக்டரியில ஒரு படகு இருக்குது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், தேயிலை உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில், தார்ப்பாயின் கீழ் அது கிடந்தது. இருபதடி நீளம், நடுவில் இருவர் படுக்கத்தக்க சிற்றறை, அதற்குக் கண்ணாடிச் சன்னல்கள். ஆங்கிலத்தில் கேபின் குரூசர் என்பார்கள். நான் அவ்விடத்திலேயே 'அறைப்படகு' என்று பெயர்சூட்டினேன். முன்பிருந்த வெள்ளைத் துரை ஆண்டுதோறும் அதை லொறியில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோவாராம். நாட்டைவிட்டுப் போகும்போது அதை மட்டும் விட்டுப்போயிருக்கிறார்.

வீராசாமி அதன் பொறியை இயக்கிக் காட்டினார். ஒரே சுழற்றில் அது பேசத் தொடங்கியது. துரை போன பின்னரும் மாதந்தோறும் எண்ணெயிட்டு, நீர்த்தொட்டியில் குழாய் வைத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு வந்திருக்கிறார். எவரும் செய்யச் சொல்லாத வேலை அது.

"நீங்கள் இதில் எத்தனை முறை போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நானா? ஏத்திவிடுறது, எறக்கிவிடுறது, கழுவுறதுதாங்க நம்ம வேல. பன்னெண்டு வருசமா இஞ்சின் ஓடிப் பாத்திருக்கேன். படகு ஓடிப் பாத்ததில்லைங்க."

அதன்பின் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னார். இரு அரசுகளின் உடன்படிக்கைப்படி இந்தியாவுக்குப் போகவேண்டிய தோட்டத் தொழிலாளர் பட்டியலில் அவர் குடும்பத்தின் பெயர் வந்துவிட்டது. பங்குனி நடுவில் தலைமன்னாருக்கு இரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் போகவேண்டும். புதிய துரையோ, படகை அகற்றுகிறவர் எடுத்துக்கொள்ளலாம், அகற்றாவிட்டால் அடுப்புக்கு விறகு என்று சொல்லிவிட்டார்.

"போறதுக்கு முந்தி ஒருவாட்டி அது தண்ணியில ஓடுறதப் பாத்துடணும்ங்க. அம்புட்டுதான்."

"வீராசாமி, கலத்தை நாம் நீரில் மிதக்கவிடுவோம்" என்றேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு உறுதியாகக் கூறிய எதுவும் அவ்வளவு அறியாமையுடன் கூறப்பட்டதில்லை.

அன்றுமுதல் சனி ஞாயிறுகளில் எல்கடுவவுக்குப் பேருந்தேறினேன். வீராசாமி உளுத்த பலகையைக் கழற்றிவிட்டு, தேயிலைப் பெட்டி செய்யும் தச்சரிடம் நல்ல பலகை வாங்கி, அதை மயிரிழை பிசகாமல் வளைத்துப் பொருத்தினார். கொதிநீர்ச் சாக்கைச் சுற்றி மரத்தைப் பதப்படுத்தும் அந்த வித்தையை அவரே முயன்று கண்டுபிடித்தார். அதே காலத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். உறுப்புகளுக்குத் தூய தமிழில் பெயரெழுதினேன். முன்பக்கத்தில் 'அணியம்', பின்பக்கத்தில் 'கடையார்', பொறியின் மூடியில் 'உந்துபொறி', அறைக்கதவின் மேல் 'உறைவிடம்'. படகுக்கு 'அலைவென்றான்' என்ற பெயரைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. வீராசாமி ஒவ்வொரு பெயரையும் பணிவுடன் படித்துவிட்டு, "அந்த பெட்ரோல் டாங்கிய கொஞ்சம் புடிங்கய்யா" என்பார்.

இடுக்குகளில் மக்குப் பசை அடைத்து வண்ணம் பூசும் கட்டம் வந்தபோது, மரத்தில் ஈரம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இங்கேதான் எங்கள் இருவரின் அறிவும் கைகோத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் ஒரேயொரு பகைதான் உண்டு, அது ஈரம்.

"துளி ஈரம் இருந்தாலும் தூள் பூசணம் புடிச்சிரும்ங்க. மரமும் அதே மாதிரிதான் இருக்கணும்" என்றார் வீராசாமி.

எனக்கும் அது சரியாகவே பட்டது. தேயிலை உலர்த்தும் எந்திரத்திலிருந்து தகரக் குழாய் ஒன்றை இழுத்து, இரண்டு கிழமைகள் அந்த வெப்பக் காற்றைப் படகின்மேல் பாயவிட்டோம். ஊரார் கொழுந்தை உலர்த்திய நேரத்தில் நாங்கள் கப்பலை உலர்த்தினோம். தட்டினால் மிருதங்கம்போல் ஒலித்தது. பிறகு மக்கு அடைத்துப் பூசிய வண்ணத்தில் நூல்நூலாக வெடிப்புகள் தோன்றின. நான் அவற்றின்மேல் இன்னொரு பூச்சுப் பூசினேன்.

என் மனைவி பூரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு உடன்வந்தாள். அவள் கடற்கரை ஊரில், வள்ளம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். படகை ஒரு சுற்றுச் சுற்றினாள். விரல்மடக்கால் பக்கப்பலகையைத் தட்டினாள்.

"இஞ்சருங்கோ, இது நல்லாக் காஞ்சுபோச்சு. ஓடவிட முதல் ஊறவேணும். அப்பு வள்ளத்தை மூண்டு நாள் தண்ணிக்குள்ள தாட்டு வைக்கிறவர். அப்பதான் பலகை ஊதி நீக்கலெல்லாம் மூடும்."

நான் புன்முறுவல் பூத்தேன். (அந்தப் புன்முறுவலை இன்று நினைத்தாலும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.) "பூரணம், மிதப்பதற்கென்றே படைக்கப்பட்ட ஒன்றை மூழ்கடிப்பது அறிவுக்கு ஒவ்வாதது."

அவள் சோற்றுப் பொதியைப் பிரித்தாள். "சாப்பிடுங்கோ" என்றாள்.

நாவுலவுக்கு அப்பாலுள்ள குளமொன்று மாரி மழையில் நிரம்பிக் கிடந்தது. அங்கிருந்து நாள்தோறும் மாத்தளைக்கு மரக்கறி ஏற்றும் காசிம் நானா தம் லொறியைத் தந்ததோடு தாமே ஓட்டவும் வந்தார். எல்கடுவ மலைப்பாதையின் வளைவுகளில் இருபதடிப் படகை ஒரு கீறலுமின்றி இறக்கிய அவர் திறமையை நான் வேறெந்தச் சாரதியிடமும் கண்டதில்லை. மாத்தளையைக் கடந்ததும் பின்நோக்குக் கண்ணாடியைப் பார்த்தவர் சொன்னார்:

"சேர், பின்னுக்கு வெள்ளையா என்னமோ கொட்டிக்கிட்டே வருது."

"பாதைப் புழுதியாக இருக்கும்."

"புழுதி கட்டி கட்டியாவா விழும்? சரி, படிச்சவங்க சொல்றீங்க."

இடுக்குகளில் அடைத்த மக்கு அது. மாத்தளையிலிருந்து நாவுல வரை அலைவென்றான் தன் அடைப்புகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே போனான்.

அது பங்குனியில் ஒரு ஞாயிறு. குளக்கட்டில் நல்ல கூட்டம். தோட்டத்திலிருந்து வீராசாமியின் உறவினரும், அயலூர்ச் சிங்கள உழவரும், என் மாணவர் சிலரும் திரண்டிருந்தனர். அடுத்த ஞாயிறு வீராசாமிக்குப் பயண நாள் என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். வாழைத்தண்டுகளைப் பரப்பிப் படகை வழுக்கி நீரில் இறக்கினோம். அது மிதந்தது. அனைவரும் கைதட்டினர். மருதமரத்தில் கட்டிய கயிறு இழுபட, கட்டிலிருந்து அறுபதடி தள்ளி நின்றது.

வீராசாமி உள்ளே குனிந்து பொறியருகே அமர்ந்தார். நான் பட்டுச் சால்வையோடு அணியத்தில் ஏறி நின்றேன். கையில் உரை இருந்தது. மூன்று பகுதிகளாக வகுத்திருந்தேன்: கலங்களின் தோற்றம், கலங்களின் வளர்ச்சி, கலங்களின் எதிர்காலம்.

முதற்பகுதி சிறப்பாக அமைந்தது. இரண்டாம் பகுதியில் கூட்டம் என்னை அசாதாரணக் கவனத்தோடு நோக்குவதை உணர்ந்து குரலை உயர்த்தினேன். பின்வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். அத்தகைய அவை எனக்கு வாய்த்ததேயில்லை. எதிர்காலத்துக்குள் நுழைந்த வேளையில், கட்டின்மேல் குடைபிடித்து நின்ற பூரணம், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்:

"இஞ்சருங்கோ. கால் நனையுது."

குனிந்து பார்த்தேன். செருப்புகள் நீருக்குள் இருந்தன. 'கடையார்' என்ற சொல் முன்னரே மறைந்துவிட்டது, 'உந்துபொறி' மறைந்துகொண்டிருந்தது. அறைக்குள் எட்டிப்பார்த்தால், வீராசாமி இடுப்பளவு நீரில் வாளியால் ஓசையின்றி நீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"வீராசாமி, ஏன் சொல்லவில்லை?"

"ஐயா பேசிக்கிட்டு இருந்தீங்க. பேச்சு நடுவுல எப்புடிங்க குறுக்க வர்றது?"

அலைவென்றான் மார்பளவு நீரில், சேற்றின்மேல் மெல்ல அமர்ந்தான். வெளியே தெரிந்தது 'உறைவிடம்' என்ற பலகையும், அதைக் கட்டிப்பிடித்திருந்த நானுந்தான். ஓர் உழவர் எருமையோடு நீரில் இறங்கி, நடந்தே வந்து, என்னை அதன் முதுகில் ஏற்றிக் கரைசேர்த்தார். என் சால்வை எங்களுக்குப் பின்னால் மிதந்து வந்தது. படகிலிருந்து பிரிந்தவற்றுள் நன்றாக மிதந்தது அது ஒன்றே.

ஒருவரும் சிரிக்கவில்லை. காரணம் நான் அல்லேன். வீராசாமி நீருக்குள் நின்றபடி படகின் கூரையில் கைவைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாய்திறந்தேன். என் வாழ்வில் முதன்முறையாகச் சொல் கிடைக்கவில்லை.

பூரணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலிருந்து இறங்கினாள்.

"ஒருத்தரும் அதை வெளியிலை இழுக்க வேண்டாம். கிடக்கட்டும். அது இப்பதான் ஊறத் தொடங்கியிருக்கு. வீராசாமி அண்ணை, இஞ்சினை மட்டும் கழட்டேலுமோ?"

அவர் அவளை ஒருகணம் பார்த்தார். பின்னர் திருகுசாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு மூழ்கினார். கண்ணால் காணாமல், கலங்கிய நீருக்குள், விரல்களின் நினைவைக் கொண்டே ஒவ்வொரு மரையாணியாகக் கழற்றினார். ஆறு பேர் மூங்கிற் கழியில் பொறியைச் சுமந்து கரையேற்றினார்கள். அவர் அந்தக் குளக்கட்டிலேயே தங்கி, அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து, சாக்கு விரித்து வெயிலில் காயவைத்தார். உலர்த்தக் கூடாததை உலர்த்திய நாங்கள், உலர்த்த வேண்டியதை ஒருவழியாகக் கண்டுகொண்டோம்.

வெள்ளிக்கிழமை வரை படகு ஊறியது. பள்ளி முடிந்ததும் நானும் பூரணமும் காசிம் நானாவின் லொறியில் வந்து சேர்ந்தோம். ஊரார் கழிகளால் விளிம்பை நீர்மட்டத்துக்கு மேல் நெம்பிப் பிடிக்க, வாளி வாளியாக இறைத்தோம். படகு அங்குலம் அங்குலமாக எழுந்தது. மறுநாட் காலை அறைக்குள் இருந்த நீர் ஒரு சொம்பு தேறாது. எந்த இடுக்கிலும் நகநுனியும் நுழையவில்லை. பூரணம் பலகையைத் தட்டினாள். மிருதங்க ஒலி போய்விட்டது. என்னைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே நன்றியுடன் பதிவுசெய்கிறேன்.

நண்பகலில் வீராசாமி பொறியைப் பூட்டினார். சுக்கானை யார் பிடிப்பது என்ற கேள்வியே எழவில்லை. பூரணம் போய் அமர்ந்துவிட்டாள். நீந்தத் தெரியாதவன் கரையில் நிற்பதே முறை என்று நான் ஒதுங்கினேன்.

"ஐயா ஏறுனாத்தான் நானும் ஏறுவேன்" என்றார் வீராசாமி.

பூரணம் சற்றே எண்ணிப்பார்த்தாள். "ஏறட்டும். ஆனா கதைக்கக்கூடாது."

அவ்வாறே ஏறினேன். பொறி இரண்டாம் சுழற்றில் பேசியது. கயிற்றை அவிழ்த்தார்கள். அலைவென்றான் அசைந்து, திரும்பி, குளத்தின் நடுவை நோக்கிப் போனான். வீராசாமி குனிந்து சுழல்தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தொட்டு வெளியே கைகாட்டினேன். (பேசவில்லை.) அவர் தயங்கி எழுந்து, கூரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணி ரெண்டா பிரியுதுங்க" என்றார்.

குளத்தை மூன்று சுற்றுச் சுற்றினோம். கடலோட்டத்தைப் பற்றி நான் பேசிய அனைத்தையும்விட அந்த மூன்றே சொல் வாக்கியம் நிறைவுடையது என்பதை அன்றே உணர்ந்தேன், சொல்லத்தான் தடையிருந்தது.

மறுநாள் அவர் இரயிலேறினார். படகை அக்குளத்து ஊராரிடமே விட்டுவிட்டோம். அக்கரை வயல்களுக்கு நாற்றும் உரமும் ஏற்றிக்கொண்டு அது பல்லாண்டு உழைத்தது. 'உறைவிடத்தில்' கோழிகள் பயணம் செய்தனவாம்.

இரண்டு மாதம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து வீராசாமியின் கடிதம் வந்தது. வீட்டுநலம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "பெரிய கப்பல்தாங்க. புள்ளைங்க பயந்துச்சுங்க. நமக்குப் பழக்கமாச்சேன்னு நான் பயப்படல. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. நல்லா ஊறப் போட்டிருப்பாங்க போல. அம்மாகிட்ட சொல்லுங்க."

பூரணம் அக்கடிதத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது அவளுடைய இரண்டு சொற்கள். அன்றுதொட்டு நான் மேடையில் வரம்பு மீறும்போதெல்லாம் முன்வரிசையிலிருந்து அவை மெதுவாகக் கேட்கும். பிறகு என் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும். சென்ற ஆண்டு ஒரு திருமண வாழ்த்துரையின் நடுவே, முன்பின் அறியாத சம்பந்தி ஒருவர் அவற்றையே சொல்லி என்னை அமர்த்தினார்.

இக்கட்டுரையின் கைப்படியைப் பூரணத்திடம் படிக்கக் கொடுத்திருந்தேன். இதற்கு மேலும் நான்கு பக்கங்கள் இருந்தன; பண்டைக் கலங்களின் வகைகளைப் பற்றியவை. இந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "கால் நனையுது."