ஒப்பந்தம் எழுதுபவன் கணினி கற்ற கதை

நாற்பத்து மூன்றாவது வயதில் மேல்படிப்புக்கு வெளிநாடு போவது என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல. அவமானம்.

பதினெட்டு வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஒப்பந்தம் எழுதிப் பிழைப்பவன் நான். கிரயம், குத்தகை, கூட்டு வியாபாரம், பாகப்பிரிவினை, எதுவானாலும் என் கை பட்டால் அதில் ஓட்டை இருக்காது. ‘மற்றும்’ வரவேண்டிய இடத்தில் ‘அல்லது’ வந்துவிட்டதே என்று ஒரு முழுப் பிற்பகலை வருத்தப்பட்டுக் கழித்தவன்.

அப்படிப்பட்ட அலுவலகத்தில் எங்கள் சீனியர் ஒரு திங்கட்கிழமை ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டார். அது ஒன்பது நிமிடத்தில் குத்தகை ஒப்பந்தம் எழுதுகிறது. சீனியர் என்னைக் கூப்பிட்டு, “இனிமே நீங்க எழுத வேண்டாம். அதுவே எழுதிடும். நீங்க சும்மா ஒரு தடவை பார்த்துடுங்க” என்றார்.

சும்மா. அந்தச் சொல்லை எந்த ஒப்பந்தத்திலும் நான் அனுமதித்ததில்லை.

அந்த வாரமே அறிவிப்பு கண்ணில் பட்டது. சட்டமும் கணினியியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. இரண்டு வருடம், மூன்று நாடுகள், மூன்று பல்கலைக்கழகங்கள். பயணமும் தங்குமிடமும் சாப்பாடும் உதவித்தொகையில் அடக்கம். சட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், கணினி படித்தவரும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு கிடையாது. மூன்று முறை படித்தேன். மூன்று முறை படிக்காத எதையும் நான் நம்புவதில்லை. படித்துத் திரும்பி வந்து அந்த மென்பொருளை நான் ‘சும்மா’ பார்க்கிற காட்சி அப்போதே மனதில் ஓடிவிட்டது.

ஒரே ஒரு முள். சட்டம் படித்துவிட்டு வருகிறவர், ‘அடிப்படைக் கணினிக் கருத்துகளில் தமக்குள்ள பரிச்சயத்தை’ ஒரு பக்கத்தில் எழுத வேண்டுமாம். எனக்குள்ள பரிச்சயம், கணினி நின்றுபோனால் அணைத்துவிட்டு மறுபடி போடுவது.

என் மனைவி மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். எந்த நோயாளி எந்த டாக்டரை எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிற மென்பொருள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் விளக்கிவிடுவாளோ என்ற பயம்தான். இப்போது அவளிடமே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் எதற்கு என்று சொல்ல முடியாது. வீட்டையும் பன்னிரண்டு வயது மகளையும் இரண்டு வருடம் உன் தலையில் கட்டிவிட்டு நான் படிக்கப் போகிறேன் என்று எந்த வாசகத்தில் எழுதினாலும் அது நன்றாக இருக்காது. முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு முறைப்படி தெரிவிக்கலாம் என்று திட்டமிட்டேன்.

“உன் வேலையைப் பத்தி நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லையே” என்று ஆரம்பித்தேன்.

“உடம்பு சரியில்லையா?” என்றாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு ஆசை. புருஷன்னு இருந்தா பொண்டாட்டி தொழிலைப் புரிஞ்சுக்க வேண்டாமா?”

“டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“அடிப்படை மட்டும் சொல்லிக் கொடும்மா. போதும்.”

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். மென்பொருளில் பிழை தேடுகிறவர்கள் திரையைப் பார்க்கிற பார்வை அது என்று எனக்கு அப்போது தெரியாது.

“சரி. இருபத்தொரு நாள். ஆனா என் முறையிலதான் நடத்துவேன். நோட்டு, பேனா கிடையாது, எல்லாம் செய்முறை. நடுவுல ஏன்னு கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

முதல் பாடம் சமையலறைத் தொட்டியில் நடந்தது.

“இது அடுக்கு” என்றாள், இரவு சாப்பிட்ட தட்டுகளைக் காட்டி. “கடைசியா வெச்ச தட்டு முதல்ல வெளிய வரும். கணினிக்குள்ளயும் சில விஷயங்களை இப்படித்தான் அடுக்கி வெப்பாங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“புரிஞ்சாப் போதாது. ஒவ்வொண்ணா எடுத்துக் கழுவுங்க.”

“கிண்ணம் இந்தப் பாடத்துல வராதே.”

“கிண்ணம் பிற்சேர்க்கை.”

மூன்றாம் நாள் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் ‘வரிசை’ நடந்தது. முதலில் அழுக்கானது முதலில் உள்ளே போகும். டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிற நோயாளிகளும் அப்படித்தானாம். ஆறாம் நாள் ‘ஒழுங்குபடுத்தல்’: மூன்று பேருடைய காலுறைகள், ஐம்பத்திரண்டு. ஒப்பிடு, இடம் மாற்று, அடுத்ததற்குப் போ. ஒன்பதாம் நாள் கையில் துடைப்பானைக் கொடுத்தாள்.

“‘தரை சுத்தமாகும் வரை துடை.’ இதுல நிபந்தனை எது?”

“‘சுத்தமாகும் வரை’ங்கறது. ஆனா சுத்தம்னா என்னன்னு வரையறைப் பிரிவு இல்லையே. இப்படி எழுதினா எங்க அலுவலகத்துல திருப்பி அனுப்பிடுவோம்.”

“வரையறை நான். துடைங்க.”

மகள் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். “அப்பா, மூலையை விட்டுட்டீங்க.”

“அது விதிவிலக்கு.”

“அம்மா, அப்பா மூலை விதிவிலக்குங்கறார்.”

“விதிவிலக்கு வந்தா அதையும் கையாளணும்னு சொல்லு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மனதுக்குள் பொருமினேன். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் புரிந்தது. தட்டுகளைப் பார்த்தால் அடுக்கு தெரிந்தது. பதினைந்தாம் நாள் இரண்டு கையும் முழங்கை வரை நுரையாக நின்றபோது, அட்டையில் செருகிய ஒரு தாளை அவள் நீட்டினாள்.

“இங்க ஒரு கையெழுத்து.”

“என்னது?”

“பயிற்சி நடந்ததுக்குப் பதிவு. எங்க வேலையில எல்லாத்துக்கும் பதிவு இருக்கணும்.”

கண்ணாடி எங்கோ இருந்தது. பதிவு என்ற சொல்லுக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பவன். இரண்டு விரலை மட்டும் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டேன். ஒரு முறைகூடப் படிக்காமல்.

இருபத்திரண்டாம் நாள் என் ஒரு பக்கத்தை எழுதி விண்ணப்பத்தை அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, கணினித் திரை வழியாக, ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு. மனைவி வேலைக்குப் போயிருக்கிற நேரம், மகள் பள்ளியில் இருக்கிற நேரம். விடுப்பு எடுத்துக்கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்தேன்.

திரையில் மூவர். தலைமை வகித்த ஓர் அம்மாள், ஒரு தாடிக்காரர், ஓர் இளம் பேராசிரியர். சட்டக் கேள்விகளை ஊதித் தள்ளினேன். அடுக்கு என்றால் என்ன என்று கேட்டார்கள். தட்டுகளை வைத்து அழகாக விளக்கினேன்.

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அம்மாள் தன் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

“‘சுத்தமாகும் வரை துடை’ என்பதும் நீங்கள்தானா?” என்று கேட்டார்.

தரையைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

“இன்று காலை கணினித் துறையிலிருந்து ஒரு விண்ணப்பதாரரைப் பார்த்தோம்” என்றார் அம்மாள். “சட்டம் படித்தவர்களுக்குக் கணினியை எப்படிக் கற்பிப்பது என்று ஓர் ஆய்வு செய்திருக்கிறார். ஒரே ஒரு மாணவரை வைத்து.”

“இரண்டாம் வாரத்தில் உங்கள் முன்னேற்றம் எங்களை வியக்க வைத்தது” என்றார் தாடிக்காரர்.

“கிண்ணங்களை மட்டும் ஏன் எதிர்த்தீர்கள்?” என்று இளம் பேராசிரியர் குறிப்பெடுக்கத் தயாரானார்.

ஒரு விண்ணப்பதாரரின் தகவலை இன்னொருவரிடம் சொல்வது விதிமீறல் என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், கிண்ணம் பாடத்தில் வரவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

மாலை மனைவி கதவைத் திறந்து உள்ளே வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இது நம்பிக்கை மோசடி” என்றேன்.

“நேர்காணல் நல்லாப் போச்சா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அறிவிப்பை நம்ம வீட்டு பிரின்டர்ல எடுத்தீங்க. மங்கலா வந்துதுன்னு ரெண்டாவது தடவை எடுத்தீங்க. மங்கலானதைக் குப்பைக்கூடையில போட்டீங்க. அடுத்த நாளே வந்து என் வேலை மேல ஆசைன்னீங்க.”

“அதனால நீயும் விண்ணப்பிச்சிடறதா?”

“கணினி படிச்சவங்களும் போடலாம்னு இருந்துது. மங்கலா இருந்தாலும் படிக்க முடிஞ்சுது.”

“என்னைச் சோதனைக்கூடத்து எலி ஆக்கிட்ட.”

“பங்கேற்பாளர்னு சொல்லுவாங்க” என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். என் கையெழுத்து. பக்கத்தில் நுரை பட்டு உலர்ந்த வட்டம். மேலே அச்சில், ‘ஆய்வின் நோக்கம் எனக்கு விளக்கப்பட்டது அல்லது விளக்கம் கேட்கும் வாய்ப்பு எனக்கு அளிக்கப்பட்டது.’

அந்த ‘அல்லது’ என்னுடையது. எத்தனையோ ஒப்பந்தங்களில் எதிர்த்தரப்பு தப்பிக்க முடியாதபடி நான் வைத்த ‘அல்லது’. என் அலமாரியில் இருந்த கோப்பிலிருந்து மாதிரி எடுத்திருக்கிறாள்.

“வழக்குப் போடுவேன்” என்றேன்.

“போடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இடம் கிடைச்சிருந்தா என்கிட்ட எப்ப சொல்லியிருப்பீங்க?”

“தகுந்த நேரத்துல.”

“டிக்கெட் வந்தப்புறம்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “பதினாலு வருஷத்துல என் வேலையைப் பத்தி ஒரு தடவை கேட்டீங்க. அது எதுக்காகன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், கேட்டப்ப சந்தோஷமா இருந்துது பாருங்க, அதுக்குத்தான் எனக்குக் கோபம்.”

சமையலறைக்குப் போனேன். போன இடத்தில் நான்கு தட்டு கிடந்தது. ஆத்திரத்தோடு கழுவினேன்.

முடிவு இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. அவளுக்கு இடம். எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் எண். தேர்வானவர்களில் எவரேனும் பத்து நாட்களுக்குள் இடத்தை ஏற்காவிட்டால் அது எனக்கு வரும்.

மூன்று முறை படித்தேன். முழு உதவித்தொகையை வெளியார் எவரும் விடப்போவதில்லை. நியாயமா இது? பதினெட்டு வருட அனுபவம், துளி ஓட்டை இல்லாத வரைவுகள், ஐம்பத்திரண்டு காலுறைகள், எல்லாம் சேர்ந்தும் என் எதிர்காலம் ஒருத்தி ‘வேண்டாம்’ என்று சொல்வதில் தொங்குகிறது.

“ஏத்துக்கப் போறியா?” என்று கேட்டேன்.

“யோசிக்கணும்” என்றாள்.

யோசிக்கணும் என்றால் இடமிருக்கிறது என்று பொருள். இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனம் வராதபடி செய்துவிட்டால் போதும். அன்றிலிருந்து அவள் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவள் எழுவதற்குள் பாத்திரம் கழுவி, துணி மடித்து, மகளுடைய மதிய உணவு டப்பாவை மூடி வைத்திருந்தேன். மூலைகளை முதலில் துடைத்தேன். இடையிடையே பேச்சுவாக்கில், “உன் அலுவலகத்துல நீ இல்லாம ரெண்டு நாள் ஓடுமா?” என்றும் எடுத்துவிட்டேன். அவள் “ஓடாதுதான்” என்று பெருமூச்சு விட்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது. பயண உடைமைகளின் பட்டியல்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

பத்தாம் நாள் காலை காப்பியைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன்.

“இன்னிக்குக் கடைசி நாள். என்ன முடிவு பண்ணின?”

“முடிவா? கடிதம் வந்த அன்னிக்கே ஏத்துக்கிட்டேன். குடும்பமும் கூட வரலாமாம். ‘சார்ந்திருப்போர்’னு ஒரு கட்டம் இருந்துது, உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டுட்டேன்.”

“அப்புறம் எதுக்கு யோசிக்கணும்னு சொன்ன? பத்து நாளா நான் இங்க...”

“பல்கலைக்கழகத்துல என் ஆய்வுக்குப் பின்தொடர் அறிக்கை ஒண்ணு கேட்டிருந்தாங்க. யாரும் சொல்லாதப்பவும் மாணவர் தானாச் செய்யறாரான்னு பார்க்கணுமாம்.”

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அறிக்கை ஒரே வரி.

‘செய்கிறார். அடுப்பு மேடையையும் துடைக்கிறார்.’