கண்டக்டர் ஊத்தாவில் முட்டிய விரால்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மீன் பிடிப்பதை எங்கள் கண்டக்டர் அளவுக்கு ரசித்த மனிதர் கிடையாது. அவர் அளவுக்கு வெறுங்கையோடு வீடு திரும்பியவரும் கிடையாது. இது இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் எனக்கு எதிர்வீடு. டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டையர் ஆனவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் கண்டக்டர்தான். வேலை முடிந்தும் விசிலை விடவில்லை, சட்டைப் பையிலேயே கிடக்கும். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை எழுந்தால் தன்னை அறியாமல் ஊதிவிடுவார். அடுத்த வரிசை அடித்துப்பிடித்து ஓடிவந்து உட்கார்ந்துவிடும். அத்தனை பேரும் அவர் பஸ்ஸில் போய்ப் பழகியவர்கள்.

கோடையில் கண்மாய் முழங்கால் தண்ணீருக்கு வற்றியதும் எங்களுக்கு மீன்பிடித் திருவிழா. ஊர்த் தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு அசைந்ததும் ஊரே உள்ளே குதிக்கும். கையில் ஊத்தா. மூங்கில் சிம்பில் கட்டிய அடியில்லாத கூடை அது. சேற்றில் அமுக்கினால், உள்ளே மாட்டிய மீன் கூடையில் முட்டும். சட்டென்று மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும்.

கண்டக்டர் கையை விட மாட்டார். மீன் முட்டியதும் ஊத்தாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்.

"அண்ணே, கைய விடுங்க. போயிரப்போவுது."

"இருப்பா. இப்பத்தான் முட்டவே ஆரம்பிச்சிருக்கு."

"அதான் முட்டுதுல்ல, எடுங்க."

"எடுத்துட்டா அது கொழம்புப்பா. முட்டுற வரைக்குந்தான் மீனு."

இந்தத் தத்துவத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் மீன் சேற்றைக் குடைந்துகொண்டு அடுத்தவர் ஊத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சின்ன மீன் முட்டினால் அந்த மரியாதையும் கிடையாது. "அரை டிக்கெட்டு, நீ எறங்கிக்க" என்று கூடையைத் தூக்கிவிடுவார்.

ஆனாலும் அவர் வீட்டில் மீன் குழம்பு மணக்கும். காரணம் அவர் மனைவி சரோஜா அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா இறங்கினால் கண்மாய்க்கே கலக்கம். புருஷன் ரசிக்க, பொஞ்சாதி பிடிக்க, குடும்பம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அந்த வருஷம் பார்த்துத்தான் அவர்கள் மகளுக்குக் கல்யாணமாகி, திருச்சி சம்மந்தி வீட்டார் முதன்முதலாகத் திருவிழாவுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கம் அன்றைக்கு வரும் விருந்தாளிக்கு வீட்டு ஆள் கையால் பிடித்த மீனைத்தான் போட வேண்டும். கடை மீன் வாங்குவது ஊர் சிரிக்கிற காரியம். போதாக்குறைக்குச் சம்மந்தியம்மா, கல்யாணப் பந்தியில் பாயசம் பத்தவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுலயும் கொறை வந்துச்சுன்னா எம்புள்ள அந்த வீட்ல தல நிமிந்து நடக்க முடியாது" என்றார் அக்கா. "ஒரே ஒரு மீனுங்க. கண்ண மூடாம ஒரே ஒரு மீனு."

"மூடல. போதுமா?" என்றார் கண்டக்டர். குரலில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

திருவிழா அன்று கரை கொள்ளாத கூட்டம். அக்கா கட்டுக்காலை நீட்டிக்கொண்டு கரைமேல் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கண்டக்டர் அம்பலக்காரருக்குப் பக்கத்தில் நின்றார். கூடவே சம்மந்தி, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. மனிதர் ஐஸ் பெட்டியில் இருக்கும் மீனை மட்டும்தான் பார்த்தவர்.

அம்பலக்காரர் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். எல்லைச் சாமி, ஏரிக்கரைச் சாமி, பக்கத்து ஊர்ச் சாமி என்று போய்க்கொண்டே இருந்தது. ஜனம் முழுக்க நெருக்கியடித்து நிற்கிறது, எல்லாரும் ஏறியாகிவிட்டது, இன்னும் வண்டி கிளம்பவில்லை. கண்டக்டரின் கை தானாகப் பைக்குள் போனது. ரெண்டு விசில்.

மொத்த ஊரும் கண்மாய்க்குள் பாய்ந்துவிட்டது. அம்பலக்காரர் துண்டு இன்னும் அவர் தோளில்தான் கிடந்தது. ஆளில்லாத கரையைப் பார்த்து, சாமி கணக்குக்கு இருக்கட்டும் என்று அவர் அதை ஒரு வீசு வீசிவிட்டு, "ஏய்யா கண்டக்டரு, இது என்ன ஒன் பஸ்ஸா?" என்றார். கேட்பதற்குக் கண்டக்டர் அங்கே இல்லை.

அன்றைக்குப் பார்த்து மீன் அள்ளியது. நானே சாக்கில் முக்கால்வாசி நிரப்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், கண்டக்டர் ஊத்தா தடதடவென்று ஆடுகிறது. உள்ளே விரால். ஆட்டத்தைப் பார்த்தால் தொடை பருமன் இருக்கும்.

"கைய விடுங்க" என்று கரையிலிருந்து அக்கா கத்தினார். கண்டக்டர் கண்ணை மூடவில்லை. சத்தியமாக மூடவில்லை. கையைக்கூட ஊத்தா வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அப்புறம் சம்மந்தியைப் பார்த்தார். பாவம், அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு முட்டுகூட வாங்கியதில்லையே என்று தோன்றியிருக்கிறது.

"சம்மந்தி, இங்கிட்டு வாங்க. இதுல கைய வச்சுப் பாருங்க."

சம்மந்தி ஊத்தாவைப் பிடித்தார். மீன் முட்டியது. சம்மந்தி கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் கண்டக்டரும் மூடிவிட்டார். நடுக் கண்மாயில் இரண்டு பெரிய மனிதர்கள் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார்கள்.

"சம்மந்தி, இது நம்மள அடிக்குது."

"ஆமாங்க. இன்னும் அடிக்கும், இருங்க."

சம்மந்தி சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். ஊத்தாவின் மறுபக்கம் சேற்றை விட்டு எழும்பியது. விரால் போயே போய்விட்டது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் என் சாக்கிலிருந்து ஒரு விராலை எடுத்து மெதுவாக நீட்டினேன். சம்மந்தி தடுத்துவிட்டார். "வேண்டாம் தம்பி. நாங்க பிடிச்ச மீன் வேற."

மத்தியானம் இலையில் முட்டைக் குழம்பு. சம்மந்தியம்மா இலையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "மீன் திருவிழான்னு கூப்பிட்டு முட்டையா?" அந்தப் பெண் முகம் செத்துப்போனது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது சம்மந்தி பேச ஆரம்பித்தார். மீன் எப்படி வந்தது, எங்கே முட்டியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று கண்ணை மூடிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ரசம் வருவதற்குள் விரால் முதலை அளவுக்கு வளர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த மனுஷன் சாப்பாட்டு வேளையில் "உப்பு" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லையாம். சம்மந்தியம்மா முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், கடைசியில், "இந்தாம்மா, இன்னொரு முட்டை வையி" என்று மருமகளிடம் இலையைக் காட்டினார். அடுப்படிக்குள் போய் அக்கா அழுததை நான் பார்த்தேன்.

இந்த வருஷம் பேரன் பிறந்திருக்கிறான் என்று கண்டக்டர் திருச்சிக்குப் போய்விட்டார். அம்பலக்காரர் சாமி கும்பிட்டு, துண்டை வீசினார். ஒருத்தரும் அசையவில்லை. விசிலுக்கு இறங்கிய வருஷம்தான் மீன் அள்ளியது, இந்தத் தடவையும் விசில் வேண்டும் என்று நிற்கிறது ஜனம். அம்பலக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தாளுக்குப் போனப் போடு" என்றார். போட்டேன். ஸ்பீக்கரில் ரெண்டு விசில் வந்தது. ஊர் பாய்ந்தது.

"வச்சிராத தம்பி" என்றார் கண்டக்டர் போனில். "ஏதாச்சும் முட்டுச்சுன்னா சொல்லு."

கொஞ்ச நேரத்தில் என் ஊத்தாவில் முட்டியது. நல்ல கனமான முட்டு. கையை விடப் போனவன், போனை எடுத்து மூங்கிலோடு ஒட்டிப் பிடித்தேன். அந்தப் பக்கம் கண்ணை மூடியிருப்பார் மனுஷன். மீன் போனால் போகிறது என்று நானும் அப்படியே நின்றேன்.