நாற்றங்காலில் மூத்த மாப்பிள்ளை

பொறாமையே படாத மனிதன் ஒருவன் இருக்கிறான் என்றால் அவனுக்குச் சகலை இல்லை என்று அர்த்தம். தம்பி மேல் பொறாமைப்பட்டால் அம்மா திட்டுவாள். நண்பன் மேல் பட்டால் மனசாட்சி குத்தும். பெண்டாட்டியின் தங்கை புருஷன் மேல் படும் பொறாமையை மட்டும் கேட்பார் கிடையாது. நான் அதை மனதாரப் பட்டேன். இப்போதும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டில் நான் மூத்த மாப்பிள்ளை. விருந்து என்றால் முதல் இலை எனக்குத்தான். கிடா வெட்டினால் தலைக்கறி எனக்கு. நான் கை நனைக்காமல் அந்த வீட்டில் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை. (ஓர் உரக்கடைக்காரனுக்கு இந்த மரியாதை வேறெங்கே கிடைக்கும்?) அந்த ராஜ்ஜியத்தில்தான் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கினான் என் சகலை இளங்கோ. வயிறு என்ற உறுப்பே இல்லாத ஆள். விடிந்தும் விடியாமலும் புதாற்றுக் கரையில் ஓடுவான். ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் மாமியாருக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுப்பான். மாமனார் டீக்கடையில் என்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த வருஷம் ஆடி விருந்தில் என் இலைக்குப் போக வேண்டிய பாயசம் முதலில் அவன் இலைக்குப் போயிற்று. மாமியார் தெரியாமல் ஊற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

நிலத்தைத் துளைத்து எரிவாயு எடுக்கப் போகிறார்கள் என்று டெல்டா முழுக்கப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. மாதக்கணக்கில் டீயும் போண்டாவுமாகப் போராடியதில் எங்கள் எல்லோருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. இதைப் பார்த்துப் பொறுக்காமல் கயல்விழி என்ற மாட்டு டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். ஞாயிறுதோறும் காலையில் புதாற்றுக் கரையில் எல்லோரும் ஓடலாம். கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. ஒரு முறை பெயர் கொடுத்தால் போனுக்கு ஒரு கியூஆர் கோட் வரும். ஓடுவதற்கு முன் அதைத் தொண்டர் ஒருவர் ஸ்கேன் செய்வார். கோட் கொண்டுவராதவரும் ஓடலாம், நேரம் மட்டும் பதிவாகாது. அவ்வளவுதான் விதி.

ஓட முடியாதவன் என்ன செய்வான்? தொண்டனாவான். மஞ்சள் மேலாடையை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கோட் வந்ததை லேமினேஷன் செய்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். கயல்விழி சொன்ன விதி எனக்குப் போதவில்லை. வரிசையில் பேசக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது என்று நானாகச் சிலவற்றைச் சேர்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன மாப்பிள்ளை ஓடுவதைப் பார்க்க மாமனார் கரைவேட்டி கட்டிக்கொண்டு டீக்கடை நண்பர்களோடு வந்துவிட்டார். நான் மேசைபோட்டு உட்கார்ந்திருந்த அத்தனை வாரமும் வராதவர்.

இளங்கோ வரிசையில் வந்து நின்றான். போனில் சார்ஜ் இல்லையாம். பெயரைச் சொன்னால் போதாதா என்று கேட்டான். தெய்வம் கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"விதின்னா விதிதான் தம்பி. கோட் இல்லாம யாரும் ஓட முடியாது."

அவன் சண்டை போடுவான், நாலு பேர் பார்ப்பார்கள், மாமனாரும் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவனோ, "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று ஒதுங்கி நின்றுவிட்டான். (அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே இந்த நல்ல குணம்தான்.)

மாமனாருக்கு முகம் விழுந்துவிட்டது. டீக்கடையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்குமிங்கும் பார்த்தவருடைய கண் என் கழுத்து லேமினேஷனில் வந்து நின்றது.

"கோட்டுதான் உங்க கழுத்துலயே தொங்குதே மாப்பிள்ளை. நீங்க ஓடுங்க. நம்ம வீட்டுலேர்ந்து ஒருத்தராவது ஓடணும்ல."

மாமனார் நாலு பேர் முன்னால் கேட்டு மூத்த மாப்பிள்ளை மாட்டேன் என்று சொன்னால் அப்புறம் முதல் இலையை மறந்துவிட வேண்டியதுதான். எழுந்தேன். நான் கழற்றிய மஞ்சள் மேலாடையை இளங்கோ மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் செருப்பு வாரை இறுக்கி முடிப்பதற்குள் வரிசையில் பாதி காலியாகிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள். வேலை இவ்வளவு சுருக்காக நடந்து தான் பார்த்ததே இல்லை என்று கயல்விழி அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஓட ஆரம்பிக்கும் முன்பே எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஓடினேன் என்று சொல்லக்கூடாது. முதல் வளைவிலேயே என்னைத் தாண்ட வேண்டியவர்கள் எல்லோரும் தாண்டிவிட்டார்கள். மிஞ்சியது ஓர் ஆசிரியை மட்டும். அவரும் தொண்டர். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. நான் நின்றால் அவரும் நிற்பார். திரும்பிப் பார்த்தால் புன்னகை செய்வார்.

திரும்பி வரும் வழியில் கரை ஒரு பெரிய வளைவு வளைகிறது. வளைவின் அந்த முனையில் மேசையும், மேசையைச் சுற்றிச் சிரிப்பும் தெரிந்தன. குறுக்கே ஒரு வரப்பு நேராக அங்கே போகிறது. அதில் யாரும் நடப்பதில்லை. ஒரு பக்கம் மாமனார் நிலம், மறுபக்கம் கோவிந்தராசு நிலம். ஒரு சாண் மண் யாருடையது என்று கோர்ட்டில் வழக்கு. மாமனார் ஒரு கழகம், கோவிந்தராசு எதிர்க்கழகம். ஆட்சி மாறி மாறி வந்தது, அவர்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. மண் அணைத்தால் விட்டுக்கொடுத்தது போலாகிவிடும் என்று இரண்டு பேருமே அந்த வரப்பைத் தொடாமல் விட்டிருந்தார்கள். உள்ளே முழுக்க நண்டு வளை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கண்ணில் இளங்கோவின் பல்வரிசை தெரியும்போது நண்டு வளை எங்கே தெரியும்? வரப்பில் இறங்கினேன். பத்தடி போவதற்குள் அது உள்வாங்கியது. நான் கோவிந்தராசுவின் நாற்றங்காலில் விழுந்தேன். முளைகட்டிய சம்பா விதை தெளித்த ஈரம்கூடக் காயாத நாற்றங்கால். எழப் போய் ஒரு செருப்பைத் தொலைத்தேன். இன்னொரு முறை எழப் போய் முழுசாக உட்கார்ந்தேன்.

கரையிலிருந்து ஆசிரியை கூப்பிட்டார். "அவசரப்படாதீங்க சார். நான் உங்களுக்குப் பின்னாலதான் வரணும். நிக்கிறேன்."

கூட்டம் ஓடிவந்தது. வரப்பின் அந்தப் பக்கம் கோவிந்தராசு, இந்தப் பக்கம் மாமனார், நடுச் சேற்றில் நான். நாற்றங்காலை மிதித்தவனை எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். ஆனால் மாப்பிள்ளையை மாமனார் நேருக்கு நேர் திட்டுவது வழக்கமில்லை. எதையாவது சாக்காக வைத்துத்தான் திட்ட வேண்டும். கொஞ்சம் தள்ளி ஒரு கொக்கு நின்றிருந்தது. மாமனார் அதைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க கால் வைக்கணும்னு இந்தக் கொக்குக்குக்கூட தெரியுது."

கோவிந்தராசுவும் கொக்கையே பார்த்தார். "கொக்குக்கு சகலை கிடையாதுல்ல" என்றார்.

(ஊருக்கே தெரிந்திருக்கிறது.)

மாமனார் முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரிக்க, கோவிந்தராசு சிரிக்க, சேற்றில் உட்கார்ந்தபடி நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். இளங்கோ பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி என்னைத் தூக்கிவிட்டான். இரண்டு நாள் கழித்து, மாமனார் வீட்டு விதையை முளைகட்டி எடுத்துக்கொண்டு அவனே கோவிந்தராசு வீட்டுக்குப் போனான். மறுவாரம் இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து வரப்புக்கு மண் அணைத்தார்கள். வழக்கையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

இப்போதும் ஊரில் கேட்டால், அந்தப் பகையைத் தீர்த்து வைத்தது சின்ன மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். விழுந்தவன் நான். செருப்பு போனது எனக்கு. பேர் அவனுக்கு.

ஆனாலும் மாமனார் நியாயஸ்தர், என் மூத்த உரிமையை அவர் பறிக்கவில்லை. இன்றைக்கும் விருந்துக்குப் போனால், கோவிந்தராசுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"மூத்த மாப்பிள்ளை வந்துட்டாரு. முதல்ல அவருக்குக் கால் கழுவத் தண்ணி குடுங்க."

சொம்பை நீட்டுவது இளங்கோ. முதல் இலை யாருக்கு என்று கேட்க இதுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை.